வீட்டுக்குள் வந்த இசைத்தட்டும் வேலிக்கு வெளியே நின்ற செவிகளும்

இசைப் பிரியர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், சுகநலம் விசாரித்து முடிந்ததும் தவறாமல் எழுகின்ற வினா ஒன்றுண்டு. "இப்பொழுது வீட்டில் என்ன கேட்கிறீர்கள்?" என்பதே அது. ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் சிட்னியிலிருந்தும் எனக்கு எழுதும் வாசகர்களிற் சிலர், நாட்டு நடப்புகளைப் பற்றிக் கேட்டு முடித்த பின் கடைசி வரியில் இவ்வினாவையும் சேர்த்துவிடுவர். தாம் கேட்டு மகிழும் இசைத்தொகுப்பின் பெயரையும் கூடவே எழுதுவர். இது கணினியோடு வந்த பழக்கமென எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. தாம் கேட்டதை அயலவரும் கேட்கவேண்டுமென்ற தவிப்பு, இசைத்தட்டு எங்கள் மண்ணுக்கு வந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தின் அரசியல் வரலாற்றை எழுதியோர் பலர். வீடுகளுக்குள் என்ன ஒலித்தது, அதை யார் கேட்டனர், யார் கேட்க அனுமதிக்கப்படவில்லை என்பதை எழுதியோர் மிகச் சிலரே. நான் அறிந்தவற்றையும் மூத்தோர் வாயிலாகக் கேட்டவற்றையும் இங்கு பதிவு செய்கிறேன்.

எடிசன் 1877 இல் ஒலியைப் பிடித்துவைக்கும் பொறியைக் கண்டுபிடித்தார். பத்தாண்டுகளின் பின் எமில் பேர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு உரிமம் பெற்றார். 1902 நவம்பரில் கல்கத்தாவுக்கு வந்த ஃபிரெட் கெய்ஸ்பர்க், கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாட்டின் முடிவில் அவ்வம்மையார் தமது பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவிப்பதை இன்றும் அத்தட்டுகளிற் கேட்கலாம். தட்டுகள் அழுத்தப்பட்டது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். பாடியவர் யாரென்று அங்குள்ள தொழிலாளர் அறிந்து பெயர்ச்சீட்டு ஒட்டவேண்டுமல்லவா? கல்கத்தாவில் 1908 இல் தொழிற்சாலை அமைந்த பின்னரே தட்டுகள் இந்திய மண்ணில் உருவாகத் தொடங்கின.

'ஆல்பம்' என்று இன்று நாம் இலகுவாகச் சொல்லும் சொல்லுக்கும் ஒரு பழங்கதை உண்டு. நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட இசைக்கே இடமிருந்தது. நீண்டதோர் இசையையோ நாடகத்தையோ பதிவு செய்தால் அது பல தட்டுகளாகும். அவற்றைப் புகைப்படத் தொகுப்புப் போன்ற, காகித உறைகள் தைத்த கனத்த அட்டைப் புத்தகத்தில் அடுக்கி விற்றனர். 1948 இல் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரம் ஒலிக்கும் தட்டை வெளியிட்டதும் புத்தகம் ஒற்றைத் தட்டாகச் சுருங்கியது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் கிராமபோன் பெட்டி எந்த வீடுகளுக்கு வந்தது? பெரும்பாலும் மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய ஓய்வூதியர், கொழும்பில் கடை வைத்திருந்தோர், பட்டணத்து வழக்கறிஞர் ஆகியோரின் வீடுகளுக்கே. எங்கள் அப்பப்பாவின் தமையனார் வீட்டில் அத்தகைய பெட்டியொன்று இருந்தது. நான் அறிந்த காலத்தில் அதன் வில் உடைந்து, மேல்மூடியில் வெற்றிலைத் தட்டம் வைக்கப்பட்டிருந்தது. ஆயினும் அது இயங்கிய காலத்தைப் பற்றி அப்பாச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்னேரத்தில் விறாந்தையில் பாய் விரிக்கப்படும். பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்குவதற்குத் தனியே ஒருவர். ஊசி உருக்காலானது. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது விதி. தேய்ந்த ஊசியைப் போட்டால் தட்டின் வரித்தடம் கீறுண்டு போகும். தட்டோ அரக்கினாலானது. கைதவறி விழுந்தால் அப்பளம் போல் நொருங்கும். ஆகவே தட்டைத் தொடும் உரிமை வீட்டுத் தலைவருக்கு மட்டுமே இருந்தது. அயலவர்கள் வந்து அமர்வர். "அந்தக் கிட்டப்பாவை ஒருக்கால் போடுங்கோ" என்று கேட்பர். தங்களிடமுள்ள ஓரிரு தட்டுகளைச் சேலைத் துணியிற் சுற்றிக்கொண்டு வருவோரும் உண்டு. பெட்டி இல்லாமலே தட்டு வாங்கியோர் இருந்தனர் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள்.

கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஈழத்தவருக்கு மேடை வழியாகவே முதலில் அறிமுகமானவர்கள். 1926 இல் கொழும்பில் நாடகமேடையிலேயே அவ்விருவரும் இணைந்தனர். கிட்டப்பா 1933 டிசம்பரில் தமது 27ஆவது வயதிற் காலமானார். அதன் பின் அவரது குரல் தட்டுகளில் மட்டுமே எஞ்சியது. மறைந்துவிட்ட ஒருவர் விறாந்தையிலிருந்து பாடுவது அந்தத் தலைமுறைக்கு எத்துணை புதுமையாகவும் திகிலாகவும் இருந்திருக்கும் என்பதை நம்மால் ஊகிக்க மட்டுமே இயலும்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்லவேண்டும். தொடக்ககால இசைத்தட்டுகளிற் பாடிய பெண்களிற் பலர் தேவதாசி மரபிலிருந்தோ நாடகமேடையிலிருந்தோ வந்தவர்கள். கோயம்புத்தூர் தாயி அவர்களுள் முதன்மையானவர். அவரது தட்டைக் கேட்டு மயங்கிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ், 1910களில் அதனைத் தழுவி 'ராகமாலிகா' என்றொரு படைப்பை இயற்றினார். பாரிஸ் நகரத்தில் தம் வீட்டிலிருந்த ஐரோப்பியர் ஒருவருக்கு அக்குரல் தெய்வீகமாக ஒலித்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களோ அத்தகைய பெண்களைத் தங்கள் வீட்டுப் படியேறவும் விட்டிருக்கமாட்டார்கள். எனினும் குரல் ஏறிவிட்டது. மெழுகிய விறாந்தையில், குத்துவிளக்கின் அருகில், வீட்டுப் பெண்கள் கதவின் பின்னே நின்று கேட்க, அக்குரல் பாடியது. மதுரையைச் சேர்ந்த வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள் 1926 இல் பத்து வயதில் தமது முதலாவது இசைத்தட்டைப் பாடினார். அச்சிறுமியே எம். எஸ். சுப்புலட்சுமி. பிற்காலத்தில் அவரது வேங்கடேச சுப்ரபாதம் விடியற்காலையில் ஒலிக்காத இந்து வீடு அரிதாயிற்று. முதற் தட்டுக்கும் சுப்ரபாதத்துக்கும் இடையே ஏறத்தாழ நாற்பதாண்டுகள். எங்கள் சமூகத்தின் மனம் மாற அத்தனை காலம் எடுத்தது என்றும் சொல்லலாம்; மாறவேயில்லை, குரலுக்கு மட்டும் விலக்களித்தது என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கருத்தின் பக்கமே சாய்கிறேன்.

பாயில் அமர்ந்தோர் போக, வேலிக்கு வெளியே நின்றோரும் இருந்தனர். வேலியென்றால் கிடுகுவேலி. கண்ணை மறைக்கும், ஒலியை மறைக்காது. சாதியின் பெயரால் முற்றத்துக்குள் வர இயலாதவர்கள் ஒழுங்கையில் நின்று கேட்டார்கள். தோடி இராகத்துக்கே தனிப்பெயர் ஈட்டித்தந்த ரி. என். இராஜரத்தினம்பிள்ளையின் நாதஸ்வரத்தைக் கொலம்பியா நிறுவனம் தட்டில் வெளியிட்டபோது, அது தமிழுலகெங்கும் பரவியது. நாதஸ்வரம் கோயிலுக்குரிய வாத்தியம். எங்கள் திருவிழாக்களுக்குத் தமிழகத்திலிருந்து பெரும் வித்துவான்கள் வந்து வாசித்தனர். ஆனால் கோயிலுக்குள் சென்று அருகிருந்து கேட்கும் பேறு எல்லோருக்கும் இருக்கவில்லை. நல்லூர்க் கோயிற் கதவு ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்தது 1956 இல். சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது 1957 இல். அதற்குப் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. ஆக, கோயில் மறுத்த தோடியை ஒரு கறுப்புத் தட்டு ஒழுங்கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது. கொடுக்கவேண்டுமென்று யாரும் நினைத்துக் கொடுக்கவில்லை. விறாந்தையிலிருந்தவர் ஒலியை வேலியோடு நிறுத்த வழியறியாதிருந்தார், அவ்வளவுதான். ஒழுங்கையில் நின்று கேட்ட முதியவர் ஒருவரை எண்பதுகளில் நான் சந்தித்தேன். தோடியின் சஞ்சாரங்களை வரிசை பிசகாமல் முணுமுணுத்துக் காட்டினார். தட்டின் பக்கம் மாறும்போது இசை அறுபடுமல்லவா, அந்த இடத்தில் அவரும் ஒரு கணம் நிறுத்தி, ஊசி மாற்றும் நேரத்தை விட்டுத் தொடர்ந்தார்.

வானொலி வந்த பின் வேலிக்குப் பொருளில்லாமற் போயிற்று. இலங்கையில் வானொலிச் சோதனை ஒலிபரப்பு 1923 இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயரின் முயற்சியால் நடந்தது. முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் ஒலிபரப்பியைச் செய்தனர். அதன்வழி முதன்முதலில் வானேறியது எது தெரியுமா? கிராமபோன் தட்டின் இசைதான். போர்க்கருவி இசைத்தட்டுக்கு ஊழியம் செய்தது. பின்னாளில் எங்கள் நாட்டில் இதற்கு நேர்மாறானவற்றையே அதிகம் கண்டோம்.

1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1952 இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களை விலக்கியமை இலங்கைக்கு வாய்ப்பாயிற்று. 1957 இல் விவித்பாரதி தொடங்கும்வரை திரைப்பாடல் வேண்டிய இந்தியர் கொழும்பையே நாடினர். அதன் பின்னரும் தமிழகத்தார் எங்கள் அறிவிப்பாளர்களை மறக்கவில்லை. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட், இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்களை இராமநாதபுரத்திலும் மதுரையிலும் இன்றும் நினைவுகூர்வோர் உளர். 'பொங்கும் பூம்புனல்', 'நேயர் விருப்பம்', 'பிறந்தநாள் வாழ்த்து' ஆகியவற்றை நான் நிகழ்ச்சிகளாக மட்டும் பார்ப்பதில்லை. விறாந்தையில் "அதைப் போடுங்கோ" என்று கேட்ட அதே குரல், இப்போது தபாலட்டையிற் கேட்டது. மட்டக்களப்பிலிருந்து ஒருவர் விரும்பிக் கேட்ட நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாடலை யாழ்ப்பாணத்துச் சைவ வீடு கேட்டது. பதுளைத் தோட்டமொன்றிலிருந்து கேட்கப்பட்ட பாடலை மன்னார் கேட்டது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' போன்ற எங்கள் சொந்தப் பொப் பாடல்களும் இவ்வாறே வீடு வீடாகச் சென்றன.

பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகஞ்செய்த ஒலிநாடாப் பேழை, அதாவது கசெற், எங்கள் வீடுகளைப் பெருமளவில் எட்டியது 1977 இன் திறந்த பொருளாதாரத்தோடுதான். மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோர் திரும்புகையில் ரேப்ரெக்கோடரைத் தோளிற் சுமந்து வந்தனர். யாழ். நகரிலும் சிறு சந்திகளிலும் 'ரெக்கோடிங் பார்' எனும் ஒலிப்பதிவு நிலையங்கள் முளைத்தன. வெறும் கசெற்றையும் கொப்பித் தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால், சில நாட்களிற் பதிவு செய்து தருவர். காப்புரிமை பற்றி அன்று எவரும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. பட்டியல் தயாரிப்பது ஒரு கலை. அறுபது நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாடல்கள். கடைசிப் பாடல் இடையிலே அறுபட்டால் மானம் போய்விடும். ஒருவர் தயாரித்த பட்டியலை மற்றவர் இரவல் வாங்குவார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986 இல் வெளிவந்தபோது, அதன் கசெற்றின் படியின் படியின் படியே எங்கள் பல்கலைக்கழக விடுதிக்கு வந்து சேர்ந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அத்தொகுப்பில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் எங்கே முடிகிறது, நாடாவின் இரைச்சல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதிருந்தது. ஆயினும் திரைப்படமில்லாத தனி இசைத்தொகுப்பு ஒன்றை வைத்து இரவிரவாக விவாதித்தமை எங்களுக்கு அதுவே முதற் தடவை. 'விதி' திரைப்படத்தின் வசனக் கசெற்றை விரும்பியோர் மறுபுறம். அவர்களே பெரும்பான்மையினர் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்தது. யாழ். குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் சேர்ந்திருந்ததால் வீட்டிலிருந்த வானொலிகளும் ரேப்ரெக்கோடர்களும் ஊமையாயின. பழைய பற்றரிகளை வெயிலிற் காயவைத்துச் சில நாட்கள் ஓட்டினர். பின்னர் சைக்கிள் கைகொடுத்தது. சைக்கிளை நிறுத்தி வைத்து, பின்சில்லைச் சுழலவிட்டு, டைனமோவை அதன் மீது சாய்த்தால் ஏறத்தாழ ஆறு வோல்ற் மின்சாரம் கிடைக்கும். அது ஆடலோட்டம். டயோட்டுகள் நான்கைப் பொருத்தி நேரோட்டமாக்குவதை ஊர் வானொலி திருத்துநரிடமிருந்து பள்ளிப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். முதலில் பிபிசி தமிழோசை. அது முடிந்த பின்னரே பாட்டு.

வானொலிக்குச் சொற்ப மின்சாரம் போதும். கசெற்றுக்கு உள்ளே மோட்டார் சுழலவேண்டும். மிதிப்பவர் களைத்தால் மோட்டாரும் களைக்கும். சுருதி மெல்ல இறங்கும். பெண் குரல் ஆண் குரலாகும். "டேய் தம்பி, மிதியடா, சீர்காழி செத்துப்போறார்" என்று என் மாமா கத்தியது இன்றும் காதில் ஒலிக்கிறது. ஆகவே ஒருவர் மிதிக்கப் பலர் கேட்டனர். முறைவைத்து மிதித்தனர். ஆளுக்கு ஒரு பாட்டு என்பது பொதுவான ஒப்பந்தம். நீண்ட ஆலாபனைக்கு இருவர் தேவைப்பட்டனர். கிராமபோன் காலத்தில் பெட்டியின் சொந்தக்காரரே எதைப் போடுவதென்று தீர்மானித்தார். இப்போது மிதித்தவர் தீர்மானித்தார். சைக்கிளுக்கு ஆள் வேண்டியிருந்ததால், முன்னர் முற்றத்துக்குள் அழைக்கப்படாதோரும் அழைக்கப்பட்டனர். போரின் பெயரால் எதையும் புகழ நான் ஆயத்தமில்லை. அவ்வாண்டுகளிற் குண்டுவீச்சில் மாண்டோரின் மரண அறிவித்தல்களைப் பத்திரிகைக்கு எழுதியவன் நான். ஆனால் இசையை அத்தனை கூர்ந்து கேட்டமை வேறெக்காலத்திலும் இல்லை. விலை உடலுழைப்பாக இருந்ததால் ஒரு பாட்டையும் யாரும் வீணாக்கவில்லை. விமான இரைச்சல் கேட்டால் மிதிப்பவர் பாதியில் விட்டுவிட்டு பங்கருக்கு ஓடுவார். சில்லு தன்பாட்டிற் சுழன்று, பாட்டு இழுபட்டு நிற்கும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாளிரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சியை நோக்கி வெளியேறினர். கையிற் கொண்டுசெல்லக்கூடியவை சிலவே. காணி உறுதி, நகை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அரிசி. இசைத்தட்டை எவர் எடுத்துச்செல்வார்? அரக்குத் தட்டுகள் கனமானவை, உடைவன. திரும்பி வந்தபோது சில வீடுகளிற் கூரையில்லை, சிலவற்றில் எல்லாமிருந்தும் தட்டுகள் வெயிலில் வளைந்து கிடந்தன. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வீடுகளுக்கு நெடுங்காலம் எவரும் திரும்பவே இயலவில்லை. என் அப்பப்பாவின் தமையனாருடைய பெட்டி என்னவாயிற்று என்பது எவருக்கும் தெரியாது.

ஆயினும் முற்றாக அழியவில்லை. அதற்குக் காரணம் பகிர்வுதான். ஒரு கசெற்றின் படிகள் ஐந்து வீடுகளில் இருந்தன. ஐந்தில் ஒன்று கொழும்புக்குப் போயிருந்தது. இன்னொன்று ஜெர்மனிக்கு. எண்பதுகளிற் புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்குத் தாய்மார் அனுப்பிய பொதிகளில் மிளகாய்த்தூளோடு கசெற்றும் இருந்தது. ஒரு பக்கத்தில் ஊர்க் கோயிற் திருவிழாவின் மேளக்கச்சேரி, மறுபக்கத்தில் அம்மாவின் குரலிற் கடிதம். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல், 42 வயதை எட்டுமுன் மறைந்தார். அவரது வாசிப்பில் இன்று கைக்குக் கை மாறுவனவற்றுள், கோயில் வீதியில் இரசிகர்கள் தம் விருப்புக்காகப் பதிவு செய்தவையும் உள. அவற்றில் தவிலோடு குழந்தையொன்றின் அழுகையும் கடலைக்காரரின் கூவலும் சேர்ந்தே கேட்கின்றன. அவற்றை நீக்கித் துப்புரவாக்கித் தருவதாக நண்பரொருவர் சொன்னார். வேண்டாமென்றேன்.

இப்பொழுது நான் வீட்டிற் கேட்பது என்னவென்று வினவிய வாசகர்களுக்குரிய விடை அதுதான். தொண்ணூறு நிமிடக் கசெற் ஒன்று. உறையில் 'பெரிய மேளம்' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. எந்தக் கோயில், எந்த ஆண்டு, நாதஸ்வரம் யார் என்ற விபரம் எதுவுமில்லை. உங்கள் அலமாரிகளிலும் இத்தகைய கசெற்றுகள் இருக்கக்கூடும். கசெற்றின் காந்தப் பூச்சு காலத்தோடு உதிர்கின்றது. ஈரப்பதனில் பூஞ்சணம் பிடிக்கின்றது. ஓடவிடுமுன் நாடா ஒட்டியிருக்கின்றதா என்று பென்சிலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். கணினிக்கு மாற்றும்போது நடுவே கேட்கும் பேச்சை வெட்டாதீர்கள். ஊரை அடையாளங்காண அதுவே உதவும். வாசித்தவர், கோயில், ஆண்டு, பதிவு செய்தவர் ஆகிய விபரங்களை, அறிந்த மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்மப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு படி கொடுக்கலாம். எனக்கும் ஒரு படி அனுப்பினால் மறுக்கமாட்டேன். மேற்சொன்ன கசெற்றின் இரண்டாம் பக்கத்தில், கச்சேரி முடிந்து மக்கள் எழும்பும் ஓசையினிடையே, "அளவெட்டிக்குப் போற பஸ் வந்திட்டுது" என்று ஒருவர் சொல்வது கேட்கிறது. அந்தத் துப்பை வைத்துக்கொண்டு கோயிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.